பின்னால் வருவது யார்? ஒரு சைக்கிள் கண்ணாடியின் கதை



போன வாரம் என் பழைய ஹெர்குலிஸ் சைக்கிளின் படத்தைப் போட்டிருந்தேன். வலப்பக்க ஹேண்டில்பாரில் மொபெட் கண்ணாடி ஒன்று முறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு ஆளாளுக்குக் கேள்வி. "சார், ஹெலிகாப்டருக்கு லைசென்ஸ் வாங்கியாச்சா?" என்று ஒருவன். "சித்தப்பா, தலை சீவவா?" என்று ஒருத்தி. எனக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லத் தெரியாது என்பது 34 வருடம் என் வகுப்பில் உட்கார்ந்த உங்களுக்குத் தெரியும். அதனால் நீண்ட பதிவு. அவசரக்காரர்கள் கடைசிக்கு முந்தைய பகுதிக்குப் போய்விடலாம். நடுவில் வெர்சாய் அரண்மனை, அமெரிக்கக் கார்ப் பந்தயம், ஆறன்முளை எல்லாம் வரும்.

விஷயம் விளையாட்டு இல்லை. ஐப்பசியில் ஒரு காலை, திருச்சி சாலையில் நூலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஓரத்தில் ஒரு பள்ளம். அதைத் தவிர்க்க ஒரு சாண் வலப்பக்கம் ஒதுங்கினேன். அவ்வளவுதான். ஹேண்டிலை உரசிக்கொண்டு ஒரு மின்சார ஸ்கூட்டர் போனது. ஓட்டிய பையன் ஹாரன் அடித்தானாம், எனக்குக் கேட்கவில்லை. வலது காது ஐந்தாறு வருடமாகவே அரைச் சம்பளத்தில்தான் வேலை பார்க்கிறது. கழுத்து எலும்புத் தேய்மானத்தால் திரும்பிப் பார்ப்பதும் முழுதாக முடிவதில்லை. முழங்கையில் சிராய்ப்பு, வேட்டியில் கிழிசல், அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் வீட்டில் அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். மகள் போனில், "அப்பா, போதும்பா. 75 வயசாச்சு. வண்டியை யாருக்காவது குடுத்துடுங்க" என்றாள். அவள் அம்மா பக்கத்திலிருந்து, "நான் சொன்னா கேட்க மாட்டாரு, நீ சொல்லு" என்று ஒத்து ஊதினாள்.

அந்த வண்டி என் முதல் வருடச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது. அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலையில் பிறந்த வண்டி. அதைக் கொடுப்பதென்றால் நூலகம், காலை நடமாட்டம், கடைத்தெரு, நாலு பேரைப் பார்ப்பது எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுப்பது. "பொங்கலுக்கு வா, நேரில் பேசுவோம்" என்று மகளிடம் தவணை வாங்கினேன். இரண்டரை மாதம் கிடைத்தது. அதற்குள் பின்னால் வருவதைப் பார்க்க ஒரு வழி கண்டுபிடித்தாக வேண்டும்.

ஒரு கேள்வி முதலில் எழுந்தது. 50 வருடம் கண்ணாடி இல்லாமலேதானே ஓட்டினேன்? எப்படி?

காதால்தான். இன்றைய வடிவில் சைக்கிள் வந்தது 1885இல். இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த ரோவர். இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு, பின் சக்கரத்துக்குச் சங்கிலி. 1888இல் பெல்ஃபாஸ்டில் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். அந்தக் காலச் சாலையில் பின்னால் வந்ததெல்லாம் சத்தம் போட்டுக்கொண்டு வந்தவை. குதிரைக் குளம்பு, இரும்புப் பட்டை போட்ட சக்கரம். நம்மூரிலும் அப்படித்தான். மாட்டு வண்டி என்றால் கழுத்துச் சலங்கை. பஸ் என்றால் அரை மைலுக்கு முன்பே உறுமல். லாரி கியர் மாற்றும் சத்தத்தை வைத்தே ஏற்றத்தில் வருகிறதா இறக்கத்தில் வருகிறதா என்று சொல்லிவிடுவோம். காது இருந்ததால் கண்ணாடியை யாரும் தேடவில்லை. சட்டமும் கேட்கவில்லை. அந்த நாளில் சைக்கிளுக்கு வரி கட்டி வில்லை வாங்கிக் கட்டியாக வேண்டும், இரவில் விளக்கு எரிய வேண்டும், டபுள்ஸ் போகக்கூடாது. மீறினால் போலீஸ்காரர் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டு நம்மைத் தள்ளிக்கொண்டு போகச் சொல்வார். கண்ணாடி எங்கே என்று ஒருவரும் கேட்டதில்லை. இன்றும் மோட்டார் வாகன விதிகள் கேட்கும் கண்ணாடி மோட்டார் உள்ள வண்டிக்குத்தான்.

இன்னொரு துணையும் இருந்தது. மகள் சின்னப் பெண்ணாக இருந்தபோது கேரியரில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து வருவாள். முதுகோடு முதுகு. "அப்பா, பஸ்ஸு!" என்பாள். ஒதுங்குவேன். "அப்பா, வண்டிமாடு, பரவால்ல" என்பாள். அப்படியே போவேன். டபுள்ஸ் தப்புத்தான், ஒப்புக்கொள்கிறேன்.

திரும்பிப் பார்ப்பதில் என்ன ஆபத்து என்பதை நான் 1991, 92இல் கண்ணால் பார்த்தேன். உங்களில் பலருடைய அம்மாக்கள் அதில் இருந்தார்கள். நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் 1991இல் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் அப்போது ஆட்சியர். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுப்பது என்று முடிவாகி, பெண்கள் ஆயிரக்கணக்கில் மைதானங்களுக்கு வந்தார்கள். சைக்கிள் வாங்கக் கடனுக்கும் ஏற்பாடானது. லேடீஸ் சைக்கிள் போதாமல் பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஏறி ஓட்டினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை நாடறிய எழுதினார். நான் சாயங்காலங்களில் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுகிற வேலை பார்த்தேன். பிடியை விட்டுவிட்டு, "ஓட்டும்மா, பிடிச்சிருக்கேன்" என்று பொய் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்து வலது தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பார்கள். பார்த்த மறுநொடி வண்டி கோணலாகப் போய்ச் சாயும். கழுத்து திரும்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் கை ஹேண்டிலை இழுக்கும். புதிதாகக் கற்பவர்களுக்கு மட்டும் அல்ல, கழுத்துப் பிடித்த கிழவனுக்கும் இதே கதிதான்.

ஆக, கண்ணாடி வேண்டும். எது நெடுநாள் தாங்கும்?

முதலில், பழைய பேருந்து நிலையம் பக்கம் ஒரு கடையில் பிளாஸ்டிக் கண்ணாடி வாங்கி மாட்டினேன். நீளமான காம்பு, நுனியில் ஒரு குண்டு மூட்டு, எப்படி வேண்டுமானாலும் திருப்பலாம். கடைக்காரர் திருப்பித் திருப்பிக் காட்டினார். வாங்கும்போது அது ஒரு வசதி. மூன்றாவது வாரத்திலிருந்து நான் திருப்பாமலே அது தானாகத் திரும்ப ஆரம்பித்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு கும்பிடு போடும். நூலகம் போய்ச் சேரும்போது அதில் என் முழங்கால் தெரியும். முழங்காலைப் பார்த்துக்கொண்டு போவதற்கா காசு கொடுத்தேன்? குண்டை இறுக்க முயன்றபோது பிளாஸ்டிக் விரிந்து விட்டது.

இந்த இடத்தில்தான் நான் புத்தகத்தை எடுத்தேன். வரலாற்று வாத்தியாருக்கு வண்டி ரிப்பேரும் புத்தகத்தில்தான் தொடங்கும்.

1911 மே 30. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ். முதலாவது 500 மைல் கார்ப் பந்தயம். 40 கார்கள். அந்தக் காலத்தில் பந்தயக் காரில் இருவர் போவார்கள். ஓட்டுபவர் ஒருவர், பக்கத்தில் மெக்கானிக் ஒருவர். எண்ணெய் அழுத்தம் பார்ப்பது, பின்னால் யார் முந்த வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்துச் சொல்வது மெக்கானிக் வேலை. ரே ஹாரூன் என்ற பொறியாளர் மட்டும் மார்மன் வாஸ்ப் என்ற மஞ்சள் வண்டியில் ஒற்றை ஆளாக வந்தார். ஓர் ஆள் எடை குறைந்தால் வேகம் கூடும் அல்லவா? மற்றவர்கள் சண்டைக்கு வந்தார்கள். பின்னால் பார்க்க ஆள் இல்லாமல் வருவது எல்லோருக்கும் ஆபத்து என்றார்கள். நியாயமான புகார்தான். ஹாரூன் நாலு இரும்புக் கம்பி நட்டு, ஸ்டியரிங்குக்கு மேலே 8 அங்குல அகலம், 3 அங்குல உயரத்தில் ஒரு கண்ணாடியைப் பொருத்திக் காட்டினார். அனுமதி கிடைத்தது. 6 மணி 42 நிமிடத்தில், மணிக்குச் சராசரி 74.6 மைல் வேகத்தில் ஓட்டி அவரே ஜெயித்தார். அதற்கு முந்தைய வருடமே பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்றிருந்தவர். ஜெயித்ததும் மறுபடி ஓய்வு! ஓய்வு பெற்றவர்களை யாரும் குறைத்து எடைபோட வேண்டாம்.

உலகத்தில் காரில் மாட்டிய முதல் பின்பார்வைக் கண்ணாடி என்று இதைச் சொல்வார்கள். சிக்காகோவில் ஒரு குதிரை வண்டியில் அப்படி ஒன்றைப் பார்த்த நினைவில் செய்ததாக ஹாரூனே பின்னாளில் சொன்னாராம். யோசனை அதற்கும் முன்பே அச்சில் இருந்தது. டாரதி லெவிட் என்ற ஆங்கிலேயப் பெண் 1906இல் மணிக்கு 90 மைலுக்கு மேல் காரோட்டிக் காட்டியவர். 1909இல் பெண்களுக்காகக் காரோட்டும் புத்தகம் எழுதினார். கைக்கண்ணாடி ஒன்றைக் கூடவே வைத்திருங்கள், முகம் பார்க்க மட்டும் அல்ல, அவ்வப்போது தூக்கிப் பிடித்தால் பின்னால் வருவது தெரியும் என்று அதில் யோசனை சொல்கிறார். கார்க் கம்பெனிகள் அதைச் செய்யப் பல வருடம் ஆயிற்று.

நான் சொல்ல வந்தது வேறு. ஹாரூன் கண்ணாடியில் அன்று என்ன தெரிந்தது? அந்த ஓடுதளம் முழுக்கச் செங்கல் பாவியது. சுமார் 32 லட்சம் செங்கல். வண்டி அதன்மேல் தடதடத்த தடதடப்பில் கண்ணாடியில் ஒன்றுமே சரியாகத் தெரியவில்லை என்று அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். முதல் கண்ணாடியே அதிர்வில்தான் தோற்றது. வென்றவர் கண்ணாடி இருந்ததால் அனுமதி பெற்றார். அதில் பார்த்து ஜெயிக்கவில்லை.

திருச்சி சாலையும் இண்டியானாபொலிஸும் ஒன்றுதான் என்று எனக்குப் புரிந்தது. என்னோடு வேலை பார்த்த இயற்பியல் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். உங்களில் பலர் அவரிடம் காது திருகல் வாங்கியவர்கள். அவரிடம் போனேன். காகிதம் எடுத்துப் போட்டுக் காட்டினார். ஒரு முனையில் பிடித்த கம்பியின் நீளம் இரண்டு மடங்கானால், நுனியில் அதே விசைக்கு வளைவு எட்டு மடங்கு. கண்ணாடி 1 டிகிரி ஆடினால் அதில் தெரியும் உருவம் 2 டிகிரி ஆடும். 10 மீட்டர் பின்னால் வருகிற ஸ்கூட்டர் அப்போது 35 சென்டிமீட்டர் இடம் மாறித் தெரியும். "சாலை ஓரத்துல வர்றவன் உங்க முதுகுல வர்ற மாதிரி இருக்கும்" என்றார். ஆகவே காம்பு குட்டையாக, தடிமனாக இருக்க வேண்டும். மூட்டு பிளாஸ்டிக் குண்டாக இருக்கக் கூடாது, நட்டுப் போட்டு இறுக்குவதாக இருக்க வேண்டும். கடையில் நாம் கண்ணாடியைத்தான் தடவிப் பார்க்கிறோம். பார்க்க வேண்டியது அதைப் பிடித்திருக்கும் கையை.

அதற்காகக் கண்ணாடி எதுவானாலும் சரி என்று ஆகாது. இரண்டாவதாக நான் வாங்கியது அதைக் கற்பித்தது. மகன் வழிப் பேரன் ஆன்லைனில் வரவழைத்தான். ஹேண்டில் முனையில் அடைப்பான் போலச் செருகுவது. காம்பு இரண்டே அங்குலம், ஆடவில்லை. எனக்குப் பரம திருப்தி. அது அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் கண்ணாடி. 1930களில் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த சரக்கு. விழுந்தாலும் தூளாகாது என்பது அதன் பெருமை. நான் தினமும் துண்டால் தூசி துடைத்தேன். நம்மூர்த் தூசி மணல் கலந்த தூசி. ஒரே மாதத்தில் கண்புரை வந்த மாதிரி ஆகிவிட்டது. உடையாத கண்ணாடிதான். ஆனால் தெரியாத கண்ணாடி. கோவில் வாசலில் வரிசையாக நிறுத்தியிருந்த வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த நாளில் அது முனையோடு பிய்ந்தும் போனது.

சரி, அசல் கண்ணாடிதான் என்று முடிவெடுத்தேன். அதிலும் ஒரு நோய் உண்டு. வீட்டில் பழைய பீரோக் கண்ணாடியைப் பாருங்கள், ஓரம் கறுத்திருக்கும். ஏன்?

பத்தாம் வகுப்பில் நான் விடாமல் கேட்ட கேள்வி நினைவிருக்கிறதா? "வெர்சாய் உடன்படிக்கை எந்த மண்டபத்தில் கையெழுத்தானது?" கண்ணாடி மண்டபம். 1919 ஜூன் 28. அதே மண்டபத்தில்தான் 1871 ஜனவரியில் ஜெர்மானியப் பேரரசு பிரகடனமானது. தேதியை எல்லாம் மனப்பாடம் செய்ய வைத்தேனே தவிர, அந்த 357 கண்ணாடிகளை எப்படிச் செய்தார்கள் என்று ஒரு நாளும் சொல்லித்தரவில்லை. அந்தக் குறையை இப்போது தீர்க்கிறேன்.

அக்காலத்தில் நல்ல கண்ணாடி வெனிஸ் நகரத்துச் சொத்து. முரானோ தீவில் செய்வார்கள். ரகசியத்தை வெளியே சொன்னால் தண்டனை. பதினாலாம் லூயியின் அமைச்சர் கோல்பேர், அந்தத் தொழிலாளர்களை ஆசைகாட்டி வரவழைத்து 1665இல் பிரான்ஸில் அரசுக் கண்ணாடித் தொழிற்சாலை தொடங்கினார். வெர்சாய் கண்ணாடிகள் அங்கே செய்தவை. வெள்ளீயத் தகட்டின் மேல் பாதரசம் ஊற்றி, அதன்மேல் கண்ணாடியை வைத்து அழுத்துவார்கள். பாதரச ஆவி தொழிலாளர்களை நடுக்கத்திலும் முடக்கத்திலும் தள்ளியது. தொழில் நோய்களைப் பற்றி 1700இல் புத்தகம் எழுதிய இத்தாலிய மருத்துவர் ரமாசினி, வெனிஸ் கண்ணாடித் தொழிலாளர்கள் தங்கள் துன்பத்தைத் தாங்கள் செய்த கண்ணாடியிலேயே பார்க்க நேர்வதை எழுதி வருந்துகிறார். மண்டபத்தின் பெருமையைப் படித்தபோது இந்த வரியும் பாடத்தில் இருந்திருக்க வேண்டும்.

பாதரசத்துக்கு மாற்று ஜெர்மன் வேதியியலாளர் லீபிக்கிடமிருந்து வந்தது. வெள்ளி உப்புக் கரைசலிலிருந்து கண்ணாடிமேல் பளபளவென்று வெள்ளி படிவதை 1835இல் கண்டார். 1850களில் அதைக் கண்ணாடி செய்யும் முறையாக்கினார். இன்று நம் வீட்டுக் கண்ணாடிகள் பெரும்பாலும் அந்த வழி வந்தவை. ஒரு செய்தி: கோல்பேர் தொடங்கிய அந்தத் தொழிற்சாலைதான் பின்னாளில் செயின்ட் கோபைன் கம்பெனி. 2000இல் நம் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை திறந்தது. லூயி மன்னர் கம்பெனியின் கண்ணாடி இன்று நம்மூர்க் கடை முகப்புகளில் நிற்கிறது.

வெள்ளியின் பகை எது? கொலுசு ஏன் கறுக்கிறது என்று கேட்டால் பெண்கள் சொல்லிவிடுவார்கள். காற்றில் உள்ள கந்தகம். ஈரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பின்பக்கம் பெயின்ட் பூசிக் காப்பாற்றுகிறார்கள். ஆனால் வெட்டிய ஓரத்தில் பூச்சு இருக்காது. ஈரம் அந்த வழியாக உள்ளே போய்க் கறுக்க வைக்கிறது. மழையில் நனையும் சைக்கிளுக்கு இது நிச்சயம். மருந்து எளிது. கண்ணாடி ஓரத்திலும் சட்டத்தோடு சேரும் இடுக்கிலும் நகப்பூச்சு இரண்டு தடவை தடவிவிடுங்கள். நான் தடவிய நிறம் ரோஸ். வீட்டில் அதுதான் இருந்தது. வண்டிக் கண்ணாடிகள் சிலவற்றில் முன்பக்கமே குரோமியம் பூசியிருப்பார்கள். நகத்தை வைத்தால் நகமும் நிழலும் இடைவெளியில்லாமல் தொட்டுக்கொள்ளும். குரோமியம் எளிதில் கறுக்காது. கிடைத்தால் அதையே வாங்கலாம்.

முன்பக்கம் பிரதிபலிப்பது என்றதும் ஆறன்முளை நினைவுக்கு வருகிறது. கேரளத்தில் பம்பை ஆற்றங்கரை ஊர். அங்கே கண்ணாடியே இல்லாத கண்ணாடி செய்கிறார்கள். செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத் தகடு. மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வெள்ளீயம். நாள்கணக்கில் தேய்த்துத் தேய்த்து முகம் காணும்படி செய்கிறார்கள். அந்தக் கைவினைஞர்களின் முன்னோர் கோவில் வேலைக்காக நம் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து போனவர்கள் என்று அங்கே சொல்லிக்கொள்கிறார்கள். உலோகமாயிற்றே, உடையாது என்று நினைத்துவிடாதீர்கள். அத்தனை வெள்ளீயம் சேர்ந்த வெண்கலம் கீழே போட்டால் கண்ணாடி மாதிரியே உடையும். சைக்கிளில் மாட்டினால் என் மனைவி என்னை உள்ளே சேர்க்க மாட்டாள், அந்த விலை.

கடைசியாக வளைவு. கடைகளில் அகலமாகத் தெரியட்டும் என்று பந்துபோல் குவிந்த சின்னக் கண்ணாடிகள் விற்கிறார்கள். ஊரே தெரியும். ஆபத்து அங்கேதான். இயற்பியல் ஆசிரியர் மறுபடி கணக்குப் போட்டார். கண்ணாடி என் கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டரில் இருக்கிறது, 12 மீட்டர் பின்னால் பஸ் வருகிறது என்று வையுங்கள். வளைவு ஆரம் 1.2 மீட்டர் உள்ள கண்ணாடியில் பஸ், தட்டைக் கண்ணாடியில் தெரிவதில் பாதி அளவுதான் தெரியும். அதாவது இரண்டு மடங்கு தூரத்தில் வருவதுபோல. ஆரம் 30 சென்டிமீட்டர் என்றால் ஐந்தில் ஒரு பங்கு. பஸ் அறுபது மீட்டருக்கு அப்பால் மெதுவாக வருவதாக நினைத்து நாம் ஒதுங்காமல் இருப்போம். அது முதுகில் வந்து ஹாரன் அடிக்கும். தட்டைக் கண்ணாடியில் தூரம் பொய் சொல்லாது, ஆனால் பார்வை குறுகல். லேசாகக் குவிந்த பெரிய கண்ணாடிதான் நடுவழி. பைக், மொபெட் கண்ணாடிகளில் பல அப்படித்தான்.

இனி அவசரக்காரர்கள் வரலாம்.

1987ஆம் வருடத்து மாணவர் ஒருவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். போட்டால் நீங்கள் எல்லோரும் ஓசியில் கிளாம்ப் கேட்டு வருவீர்கள் என்ற பயம். வகுப்பில் அக்பரையும் ஔரங்கசீப்பையும் கடைசிவரை மாற்றி மாற்றி எழுதியவர். என் கதையை முழுக்கக் கேட்டார். ஹாரூன் கதையில் மட்டும் நிமிர்ந்து பார்த்தார். "நாலு கம்பி நட்டாரா சார்? அப்ப அடியில ரப்பர் குடுத்திருக்கணும்" என்றார். 1911இல் இவர் அங்கே இருந்திருக்க வேண்டும்.

அவர் செய்தது இது. பழைய மொபெட் கண்ணாடி ஒன்று, இரும்புக் காம்போடு. காம்பை அறுத்து நாலு அங்குலமாகக் குறைத்துப் பற்றவைத்தார். என் வண்டியில் கம்பி பிரேக் என்பதால் ஹேண்டில்பாரில் இடம் கொஞ்சம்தான். அதற்கு ஏற்ற மாதிரி இரண்டு பாதியாகப் பிளந்த இரும்புக் கிளாம்ப் கடைந்தார். ஹேண்டிலுக்கும் கிளாம்புக்கும் நடுவே பழைய டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் பட்டை. அது வழுக்காமலும் பிடிக்கும், பொடி அதிர்வையும் வாங்கிக்கொள்ளும். நட்டுக்கு அடியில் ஸ்பிரிங் வாஷர், மேலே இன்னொரு நட்டு. "மொத நட்டு பிடிக்கும், ரெண்டாவது நட்டு மொத நட்டைப் பிடிக்கும் சார்." நிர்வாகவியல் முழுவதும் இதில் அடங்கிவிட்டது.

வலப்பக்கம்தான் மாட்ட வேண்டும். நாம் இடப்பக்கம் போகிறோம், முந்துகிறவர்கள் வலப்பக்கம் வருகிறார்கள். இன்னொரு லாபமும் உண்டு. சைடு ஸ்டாண்டு போட்டால் வண்டி இடப்பக்கம் சாய்ந்து நிற்கும். விழுந்தாலும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் விழும். வலக் கண்ணாடி பிழைக்கும். துடைக்கும்போது உலர்ந்த துண்டு வேண்டாம், முதலில் தண்ணீர் ஊற்றி மணலைக் கழுவிவிட்டுத் துடையுங்கள்.

காசு வாங்க மறுத்தார். கட்டாயப்படுத்தியதும், "அக்பர் மார்க்கை மட்டும் திருத்திப் போடுங்க சார்" என்றார்.

பொங்கலுக்கு மகள் வந்தாள். கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஆட்டிப் பார்த்தாள், ஆடவில்லை. "இது இருந்தா ஆச்சா? உங்களுக்குத் தெரியுதான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். நல்ல கேள்வி. அம்மாவின் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வருவதாகச் சொன்னாள். நான் திரும்பக் கூடாது. பின்னால் அவள் என்ன செய்தாலும் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். காணும் பொங்கலன்று காலை, சாலை கொஞ்சம் காலியாக இருந்த நேரம். வீட்டிலிருந்து நூலகம் வரை.

முதலில் தூரத்தில் வந்தாள். கை தூக்கினேன். ஒரு லாரிக்குப் பின்னால் மறைந்தாள். லாரி முந்திப் போனதும் மறுபடி கை தூக்கினேன். இடப்பக்கம் ஒளிந்து வந்தாள். கண்ணாடியில் ஒரு தோளும் துப்பட்டா நுனியும் மட்டும் தெரிந்தன. அதற்கும் கை தூக்கினேன். ஒரு தடவை மட்டும் தவறவிட்டேன். பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் வந்துவிட்டாள். "அப்பா, ஸ்கூட்டரு!" என்று கத்தினாள். நல்ல காதுப் பக்கமாகவே கத்தியிருக்க வேண்டும், கேட்டது.

நூலக வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தீர்ப்பைத் திருத்தினாள். பகலில் மட்டும். மழையில் கூடாது. திருச்சி சாலையில் பள்ளி விடும் நேரத்தில் கூடாது. ஹெல்மெட் போட வேண்டும். காது டாக்டரிடம் இந்த மாதமே போக வேண்டும். ஐந்துக்கும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். காது மிஷின் போன செவ்வாய்க்கிழமை வந்தது. சங்கிலிக்கு எண்ணெய் போடவில்லை என்று அதில்தான் தெரிந்தது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 60களிலும் 70களிலும் கல்யாணச் சீராக வந்த சைக்கிள்களில், குஞ்சம், ஜிகினாவோடு சின்ன வட்டக் கண்ணாடி வைத்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் மாப்பிள்ளை தலை சீவத்தான். யார் வீட்டுப் பரணிலாவது அப்படி ஒன்று கிடந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். காம்பும் கிளாம்பும் தெரிகிற மாதிரி எடுங்கள்.